மூன்றாவது இலக்கம்

திருட்டு எஞ்சினுக்கு நம்பர் பார்ப்பவன் என்று
பொழியூர் ஸ்டேஷனில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.
உண்மைதான்.
அரம் போட்டுத் தேய்த்தாலும் நம்பர் போகாது.
அடித்த அடி, கண்ணுக்குத் தெரிவதைவிட
ஆழமாக இறங்கியிருக்கும்.
மருந்து தொட்டுத் துடைத்தால்
ஒரு நிமிடம் மேலே வந்து மறையும்.
அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் எனக்குக் கூலி.

நீரோடி சூசடிமையின் மடியில் மாட்டி வந்தது இது.
மூன்று வள்ளம் சேர்ந்து இழுத்துக்
கரையில் போட்டிருந்தார்கள்.
இறக்கையில் பாதி. ஒரு எஞ்சின்.
பதினான்கு சிலிண்டர், இரண்டு அடுக்கு வட்டமாக,
எல்லாவற்றிலும் சிப்பி.
ஒன்றுக்குள்ளிருந்து பேய்க்கணவாய் ஒன்று
வெளியே வந்து, மணலையும் போலீஸையும் பார்த்து,
திரும்ப உள்ளே போனது.

கொல்லங்கோட்டுப் போலீஸ், கரை கேரளாவுடையது என்றது.
பொழியூர்ப் போலீஸ், வலை தமிழ்நாட்டுக்காரனுடையது என்றது.
இரண்டு பேருக்கும் இது வேண்டாம்.
கடலில் எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று
சூசடிமையைக் கேட்டார்கள்.
"கோடு தெரியாது சாறே, கணிச்சம் தெரியும்.
பள்ளிக் கோபுரம் கொடிமரத்த மறைக்கணும்.
அகத்தியர் மல பொழிமுகத்துக்கு நேரா நிக்கணும்.
அதுக்கக் கீழ சிலுவைப்பாரு.
எனக்க அப்பனுக்க காலத்திலயே அங்க வல கிழியும்."
இத்தனை வருடம் கிழிந்த வலைக்கு
யாரிடம் பணம் கேட்பது என்றும் கேட்டார்.
அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அலுமினியத்துக்குக் காஸ்டிக் சோடா.
பழைய பல்பிரஷ். பக்கவாட்டில் டார்ச்.
நாலு. ஒன்று.
அடுத்த இடத்தில் ஒரு சிப்பி
அறுபது எழுபது வருடம் உட்கார்ந்திருந்த பள்ளம்.
பிறகு ஏழு, ஏழு.

லண்டனுக்குக் கடிதம் எழுதியது என் மகள் ஜெனிட்டா.
பதில் வர நாலு மாதம்.
நாற்பத்துமூன்றாம் வருடம், ஒரே வாரத்தில்,
இரண்டு விமானம் இந்தப் பக்கம் வந்து திரும்பவில்லை.
ஒன்றில் இருந்த எஞ்சின் 41377.
மற்றதில் 41877.
மூன்றா எட்டா என்று
தயவுசெய்து உறுதி செய்யவும்.

மூன்று என்றால் நாலு பேர்.
எட்டு என்றால் ஏழு பேர்,
அதில் ஒருத்தன் விமானத்தோடு சம்பந்தமே இல்லாதவன்,
லீவில் ஊருக்குப் போக இடம் கேட்டு ஏறியவன்.
அவனுடைய தங்கை உயிரோடு இருக்கிறாள்.
நீல மையில், நடுங்கும் கையெழுத்தில்
அவளும் எழுதினாள்:
எட்டு என்று சொன்னால் போதும்.

கல்லில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன் என்பார்களே, அப்படி
எண்ணெய் விட்டு, மாவு தூவி,
நாக்கால்கூடத் தொட்டுப் பார்த்தேன்.
வலப்பக்க வளைவு இரண்டும் இருக்கிறது.
இடப்பக்கம் பள்ளம்.
இடப்பக்கம் இல்லாத எட்டு மூன்றுதான்.

இதை நான் முன்பே கற்றிருக்க வேண்டும்.
கிளீட்டஸின் வழக்கில், கூண்டில் ஏறி,
"எட்டு, சந்தேகமில்லை" என்று சொன்னேன்.
எட்டு மாதம் அவன் உள்ளே இருந்தான்.
திருடுபோன எஞ்சின் பிறகு பூவாறில் கிடைத்தது.
அவனுடையதில் இருந்தது மூன்று.

அவனும் வந்தான் இதைப் பார்க்க.
ஊரே பார்த்துப் போனபிறகு, இருட்டியபின்.
என் கையிலிருந்து டார்ச்சை வாங்கி
குனிந்து வெகுநேரம் பார்த்தான்.
"நீ எட்டுண்ணுதான் சொல்லுவ" என்றான்.
சிரித்தானா என்று வெளிச்சத்துக்குப் பின்னால் தெரியவில்லை.

பாரத்தில் மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டு
கையெழுத்துப் போட்டேன்.
தங்கைக்கு என்ன எழுதுவது என்று
ஜெனிட்டா பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறாள்.

காலையில் சூசடிமை வந்தார், தோளில் வலை,
நடுவில் ஆள் நுழையும் அளவுக்குக் கிழிசல்.
"அதே இடம்தான்" என்றார்.
"அங்க இன்னும் என்னமோ கெடக்கு."
இறக்கைக்கு ஒன்றாக
இரண்டு எஞ்சின் அதற்கு.