இடதுகரை

முத்தையன்கட்டில் நான் இடதுகரை.
அக்கா சுகிர்தமலர் வலதுகரை.
குளக்கட்டால் வந்தால் சைக்கிளில் முக்கால் மணித்தியாலம்,
யானை நின்றால் விடியும்.

கண்டியில் என் இடப்பக்கத்தை எடுத்து
அவளுடைய வலப்பக்கத்தில் வைத்தார்கள்,
அடிவயிற்றில், தொட்டால் தெரிகிற இடத்தில்.
"இதுவும் நீர்ப்பங்கீடுதானே" என்றார்
எங்கள் வாய்க்கால் தலைவர் நடனசிகாமணி.
நான் சிரிக்கவில்லை. தையல் இழுத்தது.

அதற்கு முன்னம் ஒரு மேசை, மூன்று பேர்.
யாரும் காசு தந்தவையோ, யாரும் வெருட்டினவையோ?
அவதான் எனக்குத் தரவேணும்,
போன காலபோகத்து விதைநெல், நாலு மூட்டை, என்றேன்.
மொழிபெயர்க்க வந்த தாதி
சிங்களத்தில் சொல்ல முதல் இரண்டு தரம் என்னைப் பார்த்தாள்.

பிறகு ஸ்கான்.
வலது சிறுநீரகத்துக்குப் பின்னால்
இரண்டு வெள்ளைப் பொட்டு, உளுந்தளவு.
இது என்ன?
தேவிபுரம், என்றேன்.
தாதி அதை மொழிபெயர்க்கவில்லை.
வைத்தியர் திரையைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார்.
இவ்வளவு காலமாய் அசையாத இரும்பை
நாங்களும் அசைக்க வேண்டாம்,
இடதை எடுப்போம், அதன் நாளம் நீளம், என்றார்.
மிஞ்சின ஒன்று இப்போது
அந்த இரண்டு துண்டுகளின் அயலில் தனியக் குடியிருக்கிறது.
கொஞ்சம் பெருத்தும் விட்டதாம்,
இரண்டின் வேலையைப் பார்த்து.

அவளுக்குக் காலை எட்டு, இரவு எட்டு.
போன் அடித்தால் உலையை விட்டுவிட்டு ஓடுவாள்.
முன்பு ஓமந்தையில் நின்றவர்கள் மாதிரித்தான்
உடம்புக்குள்ளும் ஆட்கள் நிற்கிறார்களாம்,
வருகிறவனை மறித்து அட்டை கேட்க.
என்னுடையதிடம் என்ன அட்டை இருக்கிறது?
அவர்களை அரை நித்திரையில் வைத்திருப்பதுதான் குளிசை.
அவர்கள் தூங்கினால் தடிமனும் காய்ச்சலும் கேள்வியில்லாமல் உள்ளே வரும்.
அதுதான் அந்த முகமூடி,
அதுதான் கொதித்தாறின தண்ணீர்,
அதுதான் செத்தவீட்டுக்குப் போனாலும் படலையோடு நிற்பது.
வளவில் பம்பிளிமாஸ் காய்த்துக் கொட்டுகிறது.
அந்தக் குளிசைக்கு அது ஆகாது.
கரை முழுக்கக் கொடுத்துவிட்டு
தோலை மட்டும் மணந்து பார்ப்பாள்.

ஒருமுறை ஆசுப்பத்திரியில் குளிசை முடிந்துவிட்டது.
அத்தான் வவுனியாவுக்கு மோட்டசைக்கிளில் போனார்.
ஏழே முக்காலுக்கும் வரவில்லை.
எட்டுக்கும் வரவில்லை.
எட்டு இருபத்தைந்துக்கு வெளிச்சம் தெரியும்வரை
அவள் வயிற்றில் கைவைத்தபடி இருந்தாள்,
பிள்ளை துடிக்கிறதா என்று பார்க்கிறவள் போல.
நானும் என் வெறும் பக்கத்தில்
எப்போது கைவைத்தேன் தெரியாது.

இந்த மாசி, அறுவடை.
மூட்டை ஏற்றி நாரி பிடித்துவிட்டது.
ஒட்டுசுட்டான் கடையில் வலிக்குளிசை தந்தான், மஞ்சள் நிறம்.
அவள் கையிலிருந்து பறித்தாள்.
"ஒண்டை வைச்சுக்கொண்டு இதையோ போடப்போறாய்?
எப்பயடா கடைசியா ரத்தம் பாத்தனீ?"
எனக்கு நினைவில்லை.
வருசத்துக்கு ஒருக்கால் என்றுதான் சொல்லி விட்டவர்கள்.
முதல் வருசம் போனேன்.
பிறகு விதைப்பு, பிறகு பன்றி, பிறகு வெள்ளம்.
எனக்குத்தான் ஒன்றுமில்லையே.

அவளே கூட்டிக்கொண்டு போனாள்.
துண்டு எழுதுகிறவர் கேட்டார்:
"நோயாளி ஆர்?"
இவ.
"அப்ப ஏன் உங்கட பேரிலை துண்டு?"
நான் குடுத்த ஆள்.
அவர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்.
நோய் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று
பக்கத்து மேசையைக் கேட்டார்.
அவர்களுக்கும் தெரியவில்லை.

இரண்டு சிறு போத்தல் தந்தார்கள்.
திரும்பி வந்து யன்னலோரம் வைத்தோம்,
வெயில் இரண்டுக்குள்ளாலும் விழுந்தது.
"உன்ரைதான் மஞ்சள் கூட. தண்ணி குடிக்கிறேல்லை" என்றாள்,
தன் போத்தலைத் திறந்து
என்னிடம் நீட்டியபடி.

செவ்வாய்க்கிழமை இடதுகரைக்குத் தண்ணீர் திறக்கிறார்கள்.
விதைநெல்லைப் பற்றி
இன்னும் ஒன்றும் கதைக்கவில்லை.