கேட் போட்டிருக்கிற நேரம்

நீடாமங்கலம் கேட் போட்டுவிட்டார்கள்.
இனி அரைமணி நேரத்துக்கு
இந்த பஸ்ஸில் யாரும் யாருக்கும் கடன்காரர் இல்லை.

எனக்குப் பயணம் இலவசம்.
அதனால்தான் மன்னார்குடிக்கு
மளிகைக்கும், மாமியார் மாத்திரைக்கும்,
அறுந்துபோன கிரைண்டர் பெல்ட்டுக்கும்
நானே போகிறேன்.
அவர் போனால் போகவர முப்பத்தாறு ரூபாய்.
"நீ போனா சும்மாதானே" என்கிறார்.
அந்தச் சும்மா
இரண்டு கட்டைப்பையாக
என் காலடியில் உட்கார்ந்திருக்கிறது.

சரக்கு ரயில் பின்னால் வருகிறது,
முன்னால் போகிறது,
எதையோ மறந்துவிட்டதுபோல் மறுபடி பின்னால் வருகிறது.
பெட்டிகளை எண்ணுகிறேன்.
பதினேழில் நல்லெண்ணெய் ஞாபகம் வந்து
எண்ணிக்கை விட்டுப்போகிறது.
அரை லிட்டரிலிருந்து கால் லிட்டருக்கு இறங்கி ஆறு மாதம்.
தாளிக்கும்போது கரண்டியை எவ்வளவு சாய்க்கலாம் என்று
கைக்கே தெரிகிறது இப்போது.

அந்தப் பதினேழில் ஏதாவது ஒன்றில்
இவர் தோள் ஏற்றிய மூட்டை இருக்கும்.
கொள்முதல் நிலையம் திறந்திருந்தால் மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி.
மூடியிருந்தால்
வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிற வேலை.
அதற்குக் கூலி இல்லை.

பிஸ்கட் விலை ஏறவேயில்லை என்று
சத்தியம் செய்தார் கடைக்கார குத்புதீன் பாய்.
உண்மைதான்.
உள்ளே இரண்டு பிஸ்கட் குறைந்திருக்கிறது.
கோபம் வரவில்லை.
என் வீட்டிலும் சாம்பார் அதே குண்டானில்தான் கொதிக்கிறது,
பருப்பு மட்டும்
கொஞ்சம் பின்வாங்கியிருக்கிறது.

நோட்டை எடுத்தேன்.
மகள் ஏழாம் வகுப்பில் பாதியில் விட்ட அறிவியல் நோட்டு.
முதல் பத்துப் பக்கம்
இலை வெயிலைச் சாப்பிட்டுப் பசியாறுகிறது.
பிறகு நாங்கள்.
எல்லாம் பென்சிலில் எழுதுவேன்,
ஒன்றை அழித்து இன்னொன்றில் போட வசதி.
செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வருகிற
குழுக்கடன் தவணையை மட்டும் பேனாவில்.

அவசரத்தில் பின்பக்கமாகத் திறந்துவிட்டேன்.
நிறைமதி கையெழுத்து.
மேலே அடிக்கோடிட்டு:
வாங்காதவை.

ஜாமெட்ரி பாக்ஸ் 110
தரங்கம்பாடி டூர் 450
ஆதிரை பர்த்டே கிஃப்ட் 60, காய்ச்சல்னு சொல்லிட்டேன்
பானிபூரி 30, 30, 30
அப்பா செருப்பு, விலை தெரியல

கூட்டி
610 என்று போட்டு
பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: சேமிப்பு.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
வேர்க்கடலைக்காரர் என்னைப் பார்த்து
பொட்டலத்தை உயர்த்திக் காட்டினார்.
பத்து ரூபாய்.
தலையாட்டினேன், வேண்டாமென்று.
அதையும் எங்கேயாவது எழுத வேண்டுமோ?

காய்ச்சல் என்று சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது.
நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.
சூடில்லை.
பள்ளிக்கூடம் போக சோம்பல் என்று நினைத்து
நன்றாகத் திட்டினேன்.

மறுபடி கூட்டிப் பார்த்தேன்.
பத்தாம் தானத்தில் இருபத்தொன்று வருகிறது.
இரண்டு கொண்டுபோக வேண்டும்,
ஒன்றுதான் கொண்டுபோயிருக்கிறாள்.
ஆறை அழித்து ஏழாக்கினேன்.
வேறெதையும் தொடவில்லை.
'சேமிப்பு' என்ற சொல்லின்மேல்
ரப்பரைக் கொண்டுபோய்விட்டு
எடுத்துவிட்டேன்.

என் கையெழுத்து ஏழு அவளுக்குத் தெரியும்,
நடுவில் கோடு போட்டிருக்கும்.
பார்ப்பாள்.
பார்க்கட்டும்.

கேட் திறந்தது.
எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன,
எல்லோருக்கும் மறுபடி கடன் ஞாபகம் வந்துவிட்டது.
தண்டவாளத்தில் பஸ் ஏறி இறங்கும்போது
முட்டைப் பொட்டலத்தை மட்டும்
மடிக்குத் தூக்கிக்கொண்டேன்.

ஆறு முட்டை.
வீட்டில் ஐந்து பேர்.
ஆறாவதை எந்தக் கணக்கில் வாங்கினேன் என்று
இன்னும் எழுதவில்லை.