இருபது டாலர்

காலை ஏழு ஐம்பத்தெட்டு.
எட்டுக்குத் திறக்கும் அலுவலகத்துக்கு
இப்போதே எண்ணில் விரல் வைத்திருக்கிறேன்.
எட்டு மணி ஒரு நொடிக்கு
எனக்கு முன்னால் இருநூற்றுப் பதினோரு பேர்.
டொலீடோ முழுக்க
இப்படி விரல் வைத்துக்கொண்டுதான் விடிந்திருக்கிறது போலும்.

ஒரே பியானோ, பதினாறு விநாடி,
பிறகு ஒரு பெண்:
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.
ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் துலக்குகிறேன்.

கார் இருக்கைகளுக்கு உறை தைத்தேன், பதினாலு வருஷம்,
இரண்டாவது ஷிப்ட்.
ஓர் உறைக்கு ஒரு நிமிடம் பத்து நொடி.
தாமதித்தால் மஞ்சள் விளக்கு எரியும்,
மேற்பார்வையாளர் பெர்னல் ஓடி வருவார்.
இங்கே ஒன்பது வாரம்.
எந்த விளக்கும் எரியவில்லை.

திரையில் இரண்டே சொல்:
பரிசீலனையில் உள்ளது.
நேற்றும் அதுதான், கிறிஸ்துமஸ் அன்றும் அதுதான்.
கிணற்றில் போட்ட கல்லாவது
விழும்போது ஒரு சத்தம் போடும்.

நான் செய்த தப்பு இது:
எதிர்வீட்டு ஓரோஸுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை.
அவர் வாசல் பனியை வாரித் தள்ளினேன்,
இருபது டாலர் கொடுத்தார்.
அந்த வாரப் படிவம் கேட்டது, ஏதாவது சம்பாதித்தீர்களா?
ஆம் என்றேன். இருபது என்று எழுதினேன்.
அந்த இருபதில் எல்லாம் மாட்டி நிற்கிறது,
ஊசியில் நூல் சிக்கினால்
முழு இருக்கையும் நிற்குமே, அப்படி.

"இல்லைன்னு போட்டிருக்கலாம்" என்கிறான் என் தம்பி டுவெய்ன்.
அவன் அப்படித்தான் போட்டான். அவனுக்குப் பணம் வந்துவிட்டது.
அதிலிருந்து நூறு எனக்குக் கடன் தந்தான்,
கேஸ் பில் கட்டினேன்.
பொய்யின் காசு என்பதற்காக
வீடு ஒன்றும் குறைவாகச் சூடாகவில்லை.

ஒரு மணி நாற்பது நிமிடத்தில்
பியானோ பாதியில் அறுந்தது.
"ஓடெல் பேசுகிறேன். கடைசி நான்கு எண்கள்?"
சொன்னேன். விசைகள் தட்டும் சத்தம்.
"தெரிகிறது அம்மா. இருக்கிறது. யாராவது திறக்க வேண்டும்."
"நீங்கள் திறங்களேன்."
"எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி."

அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை இருமியது.
வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்.
கத்துவதற்காக எடுத்து வைத்திருந்த வாக்கியங்கள்
துலக்கிய பாத்திரங்களோடு கவிழ்ந்து கிடந்தன.
"தேன் கொடுத்துப் பாருங்கள்" என்றேன்.
"கொடுத்தாயிற்று" என்றார்.
கொஞ்ச நேரம் நாங்கள் இருவரும்
எதையும் பரிசீலிக்கவில்லை.

பிறகு அவராகவே,
"ஞாயிற்றுக்கிழமைப் படிவத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.
ஒன்று தவறினாலும் முதலிலிருந்து."

ஞாயிறு.
ராத்திரி முழுக்கப் பனி.
ஓரோஸ் எழுவதற்குள் முடித்துவிட நினைத்து
இருட்டிலேயே மண்வாரியை எடுத்துப் போனேன்.
எழுந்துவிட்டார்.
கதவிடுக்கில் ஒரு கை, அதில் நாலாக மடித்த இருபது.
வேண்டாம் என்றேன்.
"ஏன், என் காசு செல்லாதா?"
இதை வாங்கினால் ஒஹாயோ மாநிலமே
என்னை விசாரிக்கும் என்பதை
வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் எப்படிச் சொல்ல?
முகம் சுண்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

மதியம் படிவம்.
வேலை செய்யும் நிலையில் இருந்தீர்களா? ஆம்.
வேலை தேடினீர்களா? ஆம்,
ஒரு முட்டைக் கிடங்கு, ஒரு பள்ளி உணவகம்.
ஏதாவது சம்பாதித்தீர்களா?
இல்லை.
இதுவும் உண்மைதான்.

ஐந்தாவது கேள்வி:
உங்களைத் தேடி வந்த வேலையையோ கூலியையோ மறுத்தீர்களா?

அம்புக்குறி இரண்டு வட்டங்களுக்கும் நடுவில்.
எதிர்வீட்டுச் சன்னலில் திரைச்சீலை லேசாக விலகி மூடுகிறது.
இருபது நிமிடம் எதையும் தொடாவிட்டால்
இந்தப் பக்கம் தானாக மூடிக்கொள்ளுமாம்.
பதினொன்று ஆகிவிட்டது.
அவர் வாசலில்
மறுபடி பனி விழத் தொடங்கியிருக்கிறது.