பதினேழாவது எண்

ஜாலான் புசார் கடைவீட்டு மாடி.
ஏசி ஒழுகும் இடத்தில்
மைலோ டின் வைத்திருக்கிறோம்.
தமிழ்ப் பெயர்கள் எல்லாம் என் பட்டியலுக்கு.

பதினாறு பேரில்
ஒன்பது பேர் எடுக்கவில்லை.
ஒருவர் என்னை மோசடிக்காரி என்றார்.
ஓர் அம்மா சாமி பெயரைச் சொல்லி
வைத்துவிட்டார், மெதுவாகத்தான்.

தாளில் "திருமண உரிமை" என்று அச்சடித்திருக்கிறது.
என் வாயில் அது
கல்யாணம் ஆகிவிடுகிறது.

பதினேழாவது: சிங்காரவேலு, யீஷூன்.
பின்னால் எதையோ தாளிக்கிற சத்தம்.
"கல்யாணமா? யாருக்கும்மா?"
ரெண்டு பொண்ணுங்களுக்கு, ஐயா.
ரெண்டு ஆம்பளைங்களுக்கும்.
சட்டம் இன்னும் இடம் தரலை.
உங்க தொகுதி எம்.பி.யைப் பார்த்து ஒரு வார்த்தை…

தாளிப்பு அடங்கியது.
"சைவமா, பிரியாணியா?"

கிண்டலா, காது மந்தமா, தெரியவில்லை.
தேதியே குறிக்கலை ஐயா, என்றேன்,
அதுக்குத்தான் கூப்பிட்டேன்.
"குறிச்சதும் சொல்லு. சனிக்கிழமை வேணாம்,
எனக்கு டயாலிசிஸ்."

ஆதரவு. எதிர்ப்பு. முடிவில்லை.
மூன்று கட்டங்களுக்கும் வெளியே, ஓரத்தில்,
சனி வேண்டாம் என்று எழுதினேன்.

எதிரே ஹுய் ஷான் மாண்டரினில்
யாரிடமோ தோற்றுக்கொண்டிருந்தாள்.
ஜூலையில் அவளுக்கு முப்பத்தைந்து.
தனி ஆள் என்று வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.
வாடகைக்காரி என்று
என்னைப் பதிந்துகொள்ளலாம்.