எண் 212

லேவார்டன் ஏலக்கூடத்தில்
பொருளைத் தூக்கிக் காட்டுவது என் வேலை.
விலை சொல்வது ஹெர்பிரிக். சுத்தியலும் அவளுடையதே.

காலையிலிருந்து
பனிச்சறுக்குக் காலணிகள், பல் மருத்துவர் நாற்காலி,
முள் இல்லாத காற்றழுத்தமானி.
பிறகு இது: பழுப்பேறிய கணினி,
பதினொரு கிலோ, என் முதுகின் கணக்குப்படி.
பக்கவாட்டில் பள்ளிக்கூட முத்திரை, அறை 12.
விசைப்பலகையில் ஓர் எழுத்து இல்லை;
பல் விழுந்த இடம்.

ஐம்பதில் தொடங்கியது.
தொலைபேசியில் யாரோ, ஒசாகாவிலிருந்து.
பின்வரிசையில் வீபே ஹூக்ஸ்மா,
அட்டையை இறக்கவே மறந்துபோனவர்.
எண்ணூறு. ஆயிரத்து நூறு.
ஒரு தரம். இரண்டு தரம்.
ஒசாகா பெருமூச்சு விட்டது
எனக்கே கேட்டது.
மூன்று தரம்.

கையெழுத்துப் போட்டபடி சொன்னார்:
"அந்தப் பள்ளியின் சாவிக்கொத்து
முப்பது வருஷம் என் இடுப்பில்.
இதேபோல் பதினான்கை
ஒரே மதியத்தில் குப்பை லாரியில் ஏற்றினேன்.
கிலோவுக்கு இத்தனை காசென்று
ரசீதும் கொடுத்தார்கள்."

ஓடுமா என்று கேட்கவில்லை.
தள்ளுவண்டி கிடைக்குமா என்று மட்டும்.

எண் 231: வாழைப்பழப் பெட்டி நிறைய வயர்கள்.
ஐந்து யூரோ என்றாள் ஹெர்பிரிக்.
கூடம் கொட்டாவி விட்டது.
அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு வீபே,
தலையில் ஆலங்கட்டி உருக, கை உயர,
மூச்சு வாங்க.

முன்வரிசை வியாபாரி திரும்பினார்.
அந்த முகத்தை ஒருமுறை படித்தார்.
நிதானமாய்த் தன் அட்டையை எடுத்தார்.

நூற்று நாற்பது வரை போனது.
அதுவரை என் கையில் பெட்டி
கனத்துக்கொண்டே இருந்தது.