எட்டெழுத்து

பிள்ளை பிறந்து பதினோரு நாள்.
சோஹாரில் தண்ணீர்த் தொட்டிக்கு அடித்தளம் போடுகிறோம்.
கான்கிரீட்டின் சூட்டை அளப்பது என் வேலை.
முப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டினால்
ஐஸ் கலந்த லாரியானாலும் திருப்பி அனுப்புவேன்.
என் அதிகாரம் அவ்வளவு.
வீட்டில் அதுவும் கிடையாது.

சுப்பிரமணியன் என்றேன்.
போனில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
பிறகு பூங்கோதை:
"எல்கேஜியில இவன் பேரை எழுதி முடிக்கிறதுக்குள்ள
மத்ததுங்க டிபன் பாக்ஸைத் திறந்துடும்."
விரல் விட்டுப் பார்த்தேன். எட்டெழுத்து.
புள்ளி இரண்டு, மூன்று சுழி ஒன்று, இரண்டு சுழி ஒன்று.
சின்ன விரல்களுக்குக் கஷ்டம்தான்.

மச்சினன் எழிலரசன் போனைப் பிடுங்கினான்:
"வடமொழி மாமா அது. முருகன்னு வைங்க.
அதே சாமி, பாதி எழுத்து."

கேம்ப்பில் கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.

டைம்கீப்பர் உண்ணிக்கிருஷ்ணன் ரிஜிஸ்தரை விரித்தான்.
"ஏற்கனவே நாலு பேர்.
மெஸ் சுப்பு, கிரேன் மணி, குட்டைச் சுப்பிரமணி,
நாலாவது ஆளுக்கு நம்பர்தான்.
போன மாசம் குட்டையோட ஓவர்டைம் மெஸ்ஸுக்குப் போச்சு.
ஐந்தாவது எனக்கு வேண்டாம்."

கிரேன் மணி பீடியை அணைத்தான்.
"எனக்குப் பிடிக்கும்ண்ணே.
வீட்ல சுப்புணி. பள்ளிக்கூடத்துல சுப்பிரமணி,
வாத்தியார் அவசரத்துல கடைசி எழுத்து விழுந்துரும்.
முழுசா ஒரு எழுத்தும் குறையாமக் கூப்பிட்டவங்க ரெண்டே பேரு,
கல்யாணத்துல ஐயரு,
ஏர்போர்ட்டுல கஸ்டம்ஸு.
ரெண்டு தடவையும் பயந்துட்டேன்."

மெஸ் சுப்பு எண்ணெய்க் கையோடு வந்தான்.
"சுப்பனும் குப்பனும்னு எவன் சொன்னாலும்
திரும்பிப் பார்ப்பேன்.
குப்பனைத்தான் இன்னும் பார்த்ததில்லை."

பம்ப் ஓட்டும் குல்ஸமான், பெஷாவர்க்காரன்,
பாலசுப்பிரமணியன் என்று மட்டும் நீட்டிவிடாதே என்றான்.
பாலு என்று சுருக்குவீர்கள்,
எங்களுக்கு அது கரடி.

என் பக்கத்து நியாயம் இது:
இந்தக் காலத்து இரண்டெழுத்துப் பெயர்கள் அழகு, மறுக்கவில்லை.
ஆனால் கொஞ்சும்போது எதைக் கிள்ளுவது?
கோபம் வந்தால் எதை நீட்டுவது?
தைக்கிற துணியில் கொஞ்சம் மடித்துவிட வேண்டாமா,
பயல் வளர்வான் அல்லவா?

இரவு இரண்டு மணி.
வெயில் காலத்தில் பகலில் ஊற்ற முடியாது.
எகிப்து இன்ஜினியர் தாரிக் கம்பிகளின் மேல் நின்று கத்துகிறார்:
"சுப்பு! சுப்பு!"
அரபியில் அதற்கு ஊற்றுங்கள் என்று அர்த்தம்.
நாலு வருஷமாய்க் காதில் விழுந்து பழகிய சொல்.
சேர்ந்த புதிதில் கிரேன் மணி ஒவ்வொரு முறையும்
கேபினிலிருந்து "எஸ் சார்" என்பானாம்.

இன்றைக்கு என்னால் நிற்க முடியவில்லை.
சுப்பு என்கிறார், குழாய் உதறிக்கொண்டு இறங்குகிறது சாம்பல் நிறத்தில்.
சுப்பு என்கிறார், இருபது பேர் அசைகிறார்கள்.
சுப்பு என்கிறார், அறுபது டன் கம்பி மூழ்குகிறது.
என் மகனை இந்த நேரத்தில் இப்படி யாரும் எழுப்பியதில்லை.

டீ இடைவேளையில் சொல்லிவிட்டேன், அது என் பிள்ளை பெயர் என்று.
முழுப் பெயர் என்ன என்றார்.
சொன்னேன்.
"சுப்ர... ஒமானி... ஒமானியா உன் மகன்?"
இன்னொரு முறை முயன்றார்.
கடைசி எழுத்து அவருக்கும் விழுந்துவிட்டது.

நாலரைக்குப் பூங்கோதையின் வாய்ஸ் மெசேஜ்:
"சரி, உங்க இஷ்டம். எட்டெழுத்தே இருக்கட்டும்.
ஆனா நான் இத்தனை நாளா இவனை
முட்டைன்னுதான் கூப்பிடுறேன்.
சொன்னாக் கண்ணைத் திறக்கிறான்.
இப்ப மாத்த முடியாது."

சு, ப், பி, ர, ம, ணி, ய, ன்.
எந்த மூலையிலும் முட்டை இல்லை.

அடுத்த லாரி பின்னோக்கி வருகிறது, கூவிக்கொண்டே.
தெர்மாமீட்டரைச் செருகினேன்.
முப்பத்தொன்றரை.
விட்டுவிட்டேன்.