இடது மணிக்கட்டு

வார்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.
ஊசி ஏற்றிய கையில் வெள்ளை பிளாஸ்திரி,
அதன்மேல் தேதி, நேரம்,
என் கையெழுத்தின் முதல் கொக்கி.
பேனா மை வியர்வையில் கசியும்.
பென்சில் கசியாது.

மஞ்சக்குப்பம் மைதானத்தில்
ரக்பிக்கு விசில் ஊத வந்த நாளிலிருந்து
அதே பிளாஸ்திரியை
என் மணிக்கட்டிலும் இரண்டு சுற்று சுற்றுகிறேன்.
பையன்கள் பாதிப் பேர் சார் என்பார்கள்,
மீதிப் பேர் சிஸ்டர்.

அட்டைக்காரர்களையும் பார்த்திருக்கிறேன்.
சவரிராயலு மேல்பாக்கெட்டிலிருந்து அதை உருவுவதற்குள்
ஆட்டம் ஐம்பது அடி தள்ளிப் போயிருக்கும்.
நெய்வேலிக்காரர் ஒருவருக்குப் புளியங்கொட்டைக் கணக்கு:
அரைக்கால் சட்டையின் வலப் பை ஓர் அணி, இடப் பை ஓர் அணி.
ஒரு நாள் சறுக்கி விழுந்தார்.
ஆட்டம் முடிந்து அரைமணி நேரம்
புல்லுக்குள் ஸ்கோரைத் தேடினோம்.

என்னுடையது எளிது.
நடுவே ஒரு கோடு.
இந்தப் பக்கம் தாழங்குடா, அந்தப் பக்கம் அரியாங்குப்பம்.
முதல் உதை யாருடையதோ அவர்கள் தலைக்கு மேல் ஒரு பொட்டு.
இல்லையென்றால் இடைவேளை முடிந்ததும்
பதினான்கு பேரும் என் முகத்தைப் பார்த்து நிற்பார்கள்.
டிரைக்கு ஒரு நெட்டுக்கோடு.
கன்வெர்ஷன் போனால் அதன் குறுக்கே ஒரு வெட்டு,
போகாவிட்டால் கோடு தனியே நிற்கட்டும்.
பெனால்டிக்கு முக்கோணம்,
மூன்று பக்கம் என்பதால் மறக்காது.
கூட்டல் மட்டும் கடைசியில்.
நடுவில் கூட்டுகிறவள் பந்தைப் பார்ப்பதில்லை.

மறு உதைக்கு முன் எழுதாதது
நடக்கவே இல்லை
என்று சொல்லித் திரிந்தேன்,
ஐப்பசி இரண்டாம் ஞாயிறு வரை.

கடல் பக்கமிருந்து மழை சாய்ந்து வந்தது.
அரியாங்குப்பம் பதினேழு.
தாழங்குடா பன்னிரண்டில் நின்று,
கடைசி நிமிடத்தில் மூலைக்கொடி ஓரம்
சேற்றோடு சேறாய் விழுந்து பந்தை அழுத்தியது.
அதுவும் பதினேழு.
கோடு போட்டேன். பென்சில் முனை முறிந்தது.

அஞ்சாப்புலி பந்தைத் தரையில் விட்டு உதைத்தான்.
சவுக்குக் கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்கை எழும்பியது.
கம்பத்தடியில் நின்ற இருவரில்
ஒருவன் கொடியைத் தூக்கினான்.
மற்றவன் கொடியால் முகத்து மழையைத்
துடைத்துக்கொண்டிருந்தான்.
மறு உதை என்று ஒன்று மிச்சமில்லை.
நகத்தால் கீறினேன்.
விசில் ஊதினேன்.

மேசையில், தார்ப்பாய்க்கு அடியில்,
கை மயிரோடு பிளாஸ்திரியை உரித்து வைத்தேன்.
அந்துவான் செல்போன் விளக்கைச் சாய்த்துப் பிடித்தான்.
நான்கு தலைகள் குனிந்தன.
ஒரு சுருக்கம் தெரிந்தது.
"சிஸ்டர், இது வெட்டா, மடிப்பா?"

முரட்டுக் கேள்வி இல்லை அது.
அவனும் உள்ளபடியே தெரியாமல்தான் கேட்டான்.
மணிக்கட்டு மடங்கும் இடத்தில்தான்
அந்தச் சுருக்கமும் இருந்தது.

எனக்கு நினைவிருப்பது காக்கைதான்.
பந்து வந்ததால் எழும்பிய காக்கை.
அல்லது கம்பத்தில் பட்ட அதிர்வில் எழும்பிய காக்கை.
ஸ்கோர் தாளில் காக்கைக்குக் கட்டம் கிடையாது.
நடுவர் எழுதியதே கணக்கு,
நான் எழுதியது நகத்தால்.

பத்தொன்பது, பதினேழு என்று கையெழுத்திட்டேன்.
அந்துவான் கைகொடுத்தான்.
குளிர்ந்திருந்தது, நெடுநேரம் பிடித்திருந்தான்,
திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.
அரியாங்குப்பம் வேன் முள்ளோடை பக்கம் திரும்பும்வரை
பாடும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

எட்டு மணிக்கு நைட் டியூட்டி.
ஏழாம் படுக்கைக்குப் புது ஊசி,
பிளாஸ்திரி கிழித்து ஒட்டினேன், தேதி, நேரம், கொக்கி.
இருமுறை சரிபார்த்தேன்.
அந்த அம்மாள் கேட்டாள்: என்ன சிஸ்டர், தப்பா?

விடிகாலையில் பையைத் துழாவி
பழைய பிளாஸ்திரியை எடுத்துப் பார்த்தேன்.
உலர்ந்து சுருண்டிருந்தது.
அதில் இப்போது ஏழெட்டு மடிப்புகள்,
ஒவ்வொன்றும் வெட்டு போலவே.

இப்போதெல்லாம் காதுக்குப் பின்னால் ஒன்று,
காலுறைக்குள் ஒன்று,
இரண்டும் இருபக்கமும் சீவிய பென்சில்கள்.